பச்சைக் கயிறும் இரவல் சோழிகளும்

நம் உணவுக் கிடங்கின் மேசையைத் தூக்கி வெளியே போட்டவர் இப்போதைய செயலாளர். வேறு யாரும் இல்லை. இடம் போதவில்லை, குழு பேசி முடிவெடுத்தது, காலம் மாறிவிட்டது என்று அவர் நூறு காரணம் சொல்லட்டும். போட்டது அவர்தான்.

மேசை இருந்த இடத்தில் இப்போது அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, உள்ளே ஒரே சாமான், மேலே நாடா ஒட்டி மூடியிருக்கிறது. வருகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

கேள்விப்பட்டதும் நேராகப் போய்க் கேட்டேன்.

“ஆன்ட்டி, மொதல்ல உக்காருங்க. பசியாறிட்டீங்களா? காப்பி போடச் சொல்றேன்” என்றார் செயலாளர்.

“காப்பி கெடக்கட்டும். மேச எங்க?”

“எல்லாருக்கும் ஒண்ணு போல குடுத்தா சண்ட இல்ல பாருங்க. சமத்துவம் அதானே?”

“வாங்குறவங்ககிட்ட கேட்டியா?”

“கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க ஆன்ட்டி.”

“சொல்லட்டுமேய்யா. வாய் எதுக்கு இருக்கு?”

அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. சாமான் கட்டும் அறையில் இருந்த பெண்கள் கதவோரம் வந்து நின்று கேட்டார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி என்னை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். “பாக்கியம்மா, ஒரு பழைய மேசைக்கா இவ்ளோ கோவம்? அப்படி என்னா இருந்துச்சு அதுல? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்” என்றாள். எழுதுகிறேன். திருத்தாமல் போடுங்கள்.

நான் இந்தக் கிடங்கில் சேர்ந்தது மலாயா சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு. ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மலாக்காவில் காஜா பேராங்கில் சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் குடியேறினோம். கிடங்கு அப்போது ஒரு பழைய கொப்பரைக் கொட்டகை. மழை பெய்தால் சுவரிலிருந்து தேங்காய் எண்ணெய் வாடை வரும். முதல் இரண்டு வருடம் சாக்குப் பிரிப்பது, கல் பொறுக்குவது, மூட்டை கட்டுவதுதான் வேலை. ரூமியில், அதாவது மலாய்க்கு வழங்கும் ஆங்கில எழுத்தில், பெயர் எழுதக் கற்றுக்கொண்டேன். அதனால் இலவசச் சாமான் வாங்க வரும் ஏழைக் குடும்பங்களின் அட்டைகளில் துளை போடும் வேலையும் என்னிடம் வந்தது. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது நானாவைப் பற்றி. பெயர் இப்ராகிம் ராவுத்தர். தமிழ் முஸ்லிம் பெரியவர்களை நானா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்டஹாரா சாலையில் அவருடைய குடும்பத்துக்கு மசாலாக் கடை இருந்தது. அண்ணன் தம்பிகளுடன் ஒத்துப்போகாமல் அவர் இந்தக் கிடங்குக்குத் தலைமைக் காப்பாளராக வந்தார். ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “அவங்க தராசுல வெரல வெப்பானுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காலையில் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சாத்துவார். கால்சட்டை சங்கிலியில் சிக்காமலிருக்கக் காலில் மாட்டிய இரும்பு வளையத்தைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். தொப்பி ஆணியில் தொங்கும். கை கழுவித் துடைத்துவிட்டுத் தராசின் இரண்டு தட்டையும் உள்ளங்கையால் வழித்துவிட்டு, காலித் தராசைத் தூக்கிப் பிடிப்பார். முள் நேராக நிற்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒரு தடவை “நானா, லாரி வந்துருச்சு” என்று சொல்லிவிட்டேன். தராசைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கை கழுவப் போனார். லாரிக்காரன் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சில்லறை அளவுக்குத் தராசு கிடையாது, பால் டின்தான். கட்டிப் பால் வந்த காலி டின்னை விளிம்பு தேய்த்து வைத்திருப்பார். பருப்பை அள்ளி, ஒரு பலகைத் துண்டால் மேலே ஒரே இழுப்பு இழுப்பார். குவியலும் இருக்காது, குழியும் இருக்காது. நான் இழுத்தால் எப்போதும் நடுவில் குழி விழும். “உன் கைக்கு அவசரம் புள்ள. கண்ணுக்குத் திமிரு” என்பார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டும் திட்டும் எல்லாம் கிட்டத்தட்ட இதே நீளம்தான்.

குறையும் உண்டு. எண்ணெய் விஷயத்தில் கஞ்சர். பீப்பாயைத் தன் பிள்ளை மாதிரி பார்ப்பார். வரிசையில் நிற்கிற எல்லாரும் இரண்டாவது தடவை வந்து நிற்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படுவார். தான் சொன்னது தப்பு என்று வாய் விட்டு ஒத்துக்கொண்டதே இல்லை. தப்பு என்று தெரிந்தால் வறுத்த பட்டாணியை வாயில் போட்டுக் கடகடவென்று மெல்லுவார். நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே மூட்டைதான். வியாழக்கிழமை தோறும் கொடுப்போம். அரிசி, கோதுமை மாவு, பால் பவுடர், உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி டின் ஒன்று. டின் வெளிநாட்டிலிருந்து உதவியாக வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் இந்துக்கள் அதைத் தொட மாட்டார்கள். முஸ்லிம்களான மலாய்க்காரர்களுக்கு எவன் அறுத்தானோ என்ற சந்தேகம். சீனர்களில் குவான் இன் சாமி கும்பிடுகிற பெண்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆக, மூட்டையை வாங்கிக்கொண்டு எல்லாரும் வாசலில் இருந்த கெத்தாபாங் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே ஒரு சந்தையே நடக்கும். கடலோரத்திலிருந்து வரும் போர்த்துகீசிய வம்சத்துக் கிறிஸ்தவ மீனவர் இரண்டு பேர் கருவாட்டுக் கூடையோடு காத்திருப்பார்கள். அத்தனை டின்னும் அவர்களிடம் போகும், கருவாடு இவர்களிடம் வரும். மாவு சீன அம்மாவிடம் போகும், அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பீஹூன் என்ற அரிசி சேமியா தமிழம்மாவிடம் வரும்.

நானா இதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்தார். ஆனால் குழுத் தலைவர் ஒருநாள் காரிலிருந்து இறங்கும்போது பார்த்துவிட்டார். ஊரில் பெரிய மனிதர். “குடுத்தத விக்கிறாங்க! நன்றி கெட்ட கூட்டம்!” என்று கத்தினார்.

அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். மூன்று விதமாக மூட்டை கட்டலாம், மலாய்க்காரருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. மூட்டை கலந்துவிடாமல் இருக்கக் கயிற்றுக்கு நிறம். பெண்டஹாரா சாலைத் துணிக்கடையில் சாயப்பொடி வாங்கி, சணல் கயிற்றை நானே வாளியில் முக்கிக் காயப்போட்டேன். மலாய்க்காரருக்குப் பச்சை, சீனருக்குச் சிவப்பு, இந்தியருக்கு மஞ்சள். அரிசியும் சர்க்கரையும் எல்லாவற்றுக்கும் பொது. பச்சை மூட்டையில் கருவாடு, தேங்காய் எண்ணெய், பிளாச்சான் என்ற காய்ந்த இறால் விழுது, டெண்டெங். டெண்டெங் என்றால் மசாலா தடவிக் காயவைத்த மாட்டிறைச்சி. மலாய்க் கசாப்புக்காரர் ஒருவர் வாரா வாரம் அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மஞ்சளில் பருப்பு, பச்சைப்பயறு, மிளகாய், மஞ்சள்தூள். சிவப்பில் பீஹூன், சோயா, காய்ந்த தோஃபு.

மரத்தடிச் சந்தை ஒரே மாதத்தில் காலியானது. தலைவர் என்னைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் பாராட்டினார். சுதந்திரம் வந்து எல்லாரும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. “மூணு இனத்துக்கும் மரியாத குடுத்த பொண்ணு” என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. சாயம் ஏறிய விரலைக் கழுவாமல் வைத்திருந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

வரிசை வேகமாக நகர்ந்தது. ஆள் வாசலில் நுழையும்போதே என்ன நிறம் என்று எனக்குத் தெரிந்துவிடும். அட்டையை நீட்டுவார்கள், நான் எண்ணைப் பார்த்துத் துளை போடுவேன். பெயரைப் படிப்பதில்லை. முகத்தையும் உடுப்பையும் பார்த்து மூட்டையைத் தள்ளுவேன். ஒரு மணி நேரத்தில் நூறு பேரை அனுப்புவேன் என்று பெருமை அடித்திருக்கிறேன். நானா பக்கத்தில் நின்று பட்டாணி மெல்லுவார்.

அடுத்த ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய வியாழக்கிழமை, ஒரு பெண் முதல் தடவையாக வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்துப்போன பூப்போட்ட சாரோங், மேலே மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை. கெபாயாவின் முன்பக்கத்தில் மூன்று கெரோசாங் ஊசி, ஒன்றுக்கொன்று மெல்லிய சங்கிலி கோத்தது. கொண்டை. “செலாமாட் பாகி” என்று மலாயில் மெதுவாகக் காலை வணக்கம் சொன்னார். அட்டையை நீட்டினார். துளை போட்டேன். பச்சைக் கயிறு மூட்டையைத் தள்ளினேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். எனக்கு வரிசை நீளம். “அடுத்த ஆள்!” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. பத்து நொடி கூட ஆகியிருக்காது.

கிடங்கில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று வாரம் வராதவர் அட்டையை ரத்து செய்துவிட வேண்டும், காத்திருக்கிற வேறு குடும்பத்துக்கு அதைக் கொடுக்க வேண்டும். ரத்து செய்வதற்கு முன்னால் நானா அட்டையை மேசையில் வைத்து என்னைப் படிக்கச் சொல்வார். மூன்றாவது வாரம் முடிந்த அன்று ஒரு அட்டையை வைத்தார்.

“ஒரே ஒரு தொள. பொறவு ஆளயே காணோம். யாரு இது?”

படித்தேன். சிவகாமி, கணவர் பெயர் நாராயண பிள்ளை, செட்டிக் கம்பம், காஜா பேராங்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலாக்கா செட்டிகள் பல நூறு வருடத்துக்கு முன்பு இங்கே வந்து தங்கிய வணிகர்களின் வம்சம். இந்துக்கள். மாரியம்மனும் பிள்ளையாரும் அவர்கள் சாமி. ஆனால் வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. என் சித்தப்பா வீட்டிலிருந்து அவர்கள் கம்பம், அதாவது குடியிருப்பு, பத்து நிமிட நடை. கோயில் திருவிழாவில் அவர்கள் வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். தெரியாது என்று நான் சொல்ல முடியாது. பெயர் அட்டையில் இருந்தது. நான் அட்டையைப் பார்க்கவில்லை, சாரோங்கைப் பார்த்தேன்.

“என்னா?” என்றார் நானா.

“பச்ச மூட்ட குடுத்துட்டேன் நானா.”

“அதுல டெண்டெங் இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

அவர் பட்டாணிப் பையை எடுத்தார், வாயில் போடாமல் கீழே வைத்தார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார். “செருப்ப மாட்டு” என்றார்.

சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நடந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சிவகாமி அக்கா வீடு கம்பத்துக் கோடியில் இருந்தது. வாசல் மேலே மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு தொங்கியது. உள்ளே பாயில் அவர் கணவர் படுத்திருந்தார். அரசாங்க ஆபீசில் பியூனாக இருந்தவர், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். மூன்று பிள்ளைகள். தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அக்கா வெளியே வந்தார். கெபாயாவில் அந்த மூன்று கெரோசாங் இல்லை. சாதாரண ஊக்கு குத்தியிருந்தார்.

அவர் பேசியது அவர்கள் வீட்டு மலாய், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்களைப் பார்த்ததும் கோழிக்கூண்டுப் பக்கம் கையைக் காட்டினார். கூண்டு மேல் என் மூட்டை இருந்தது. கயிறு மட்டும் அவிழ்ந்திருந்தது. அரிசி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் அப்படியே இருந்தன. எறும்பு மொய்த்திருந்தது.

“அரிசியாச்சும் எடுத்திருக்கலாமேக்கா” என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

“எப்படி எடுக்கிறது? எல்லாம் ஒரே துணிக்குள்ள, அந்த இறைச்சியோட ஒட்டிக் கெடந்துச்சு. அது எதுக்கு வெச்சிருந்த அரிசி தெரியுமா? பார்ச்சுக்கு.”

பார்ச்சு என்பது அவர்கள் மூதாதையருக்குப் படைப்பது. போகியன்று வாழையிலை போட்டு, செத்துப்போன பெரியவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைப்பார்கள். பிறகு உறவெல்லாம் சேர்ந்து சாப்பிடும். அந்த வருடம் வீட்டில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவர் வெட்கத்தை விட்டுக் கிடங்கு வரிசையில் வந்து நின்றிருக்கிறார். பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்பு மெழுகி, குளித்துவிட்டு வந்து மூட்டையை அவிழ்த்திருக்கிறார். அவிழ்த்தால் டெண்டெங்.

“இறைச்சிய விடு, அது சாப்பிடறவங்களுக்கு நல்ல சாப்பாடு. நான் ஒண்ணும் சொல்லல” என்றார், நானாவைப் பார்த்து. “ஆனா வரிசையில நின்ன எங்க கம்பத்து ஆளுங்க நான் பச்சக் கயிறு வாங்கினதப் பாத்தாங்க. அன்னிக்கே சாயங்காலம் என் கொழுந்தன் காதுக்குப் போயிருச்சு. அரிசிக்காக சிவகாமி மதம் மாறிட்டான்னு. பார்ச்சு அன்னிக்கு அவர் வாசல் வரைக்கும் வந்தாரு. கூண்டு மேல கயிறப் பாத்தாரு. உள்ள வராமத் திரும்பிட்டாரு. அவர் பின்னாலயே எல்லாரும் போயிட்டாங்க. படுத்துக் கெடக்கிறவரும் நானும் மட்டும்தான் எலைக்கு முன்னால உக்காந்தோம்.”

நான் அழுதேன். அதைப் பார்த்து அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

“அழுது என்ன அடெக்? நான் கேக்க வாயத் தொறந்தேன். நீ அடுத்த ஆளுன்ன. நான் யாருன்னு உனக்கு யார் சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

அடெக் என்றால் தங்கச்சி. அவ்வளவு கோபத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

நானா தொண்டையைக் கனைத்தார். “அம்மா, அட்டய ரத்து பண்ணல. வர்ற வாரம் மஞ்ச மூட்ட நானே கட்டி வெக்கிறேன்.”

“மஞ்ச மூட்டைல என்ன இருக்கு?”

“பருப்பு, பயறு, மொளகா…”

“பிளாச்சான் இருக்கா?”

“அது பச்சைல.”

“சோயா?”

“அது செவப்புல.”

அக்கா சிரித்தார். முதல் தடவையாக. “எங்க அடுப்புக்கு மூணும் வேணும் நானா. பருப்பும் வைப்போம், பிளாச்சான் சம்பலும் வைப்போம். எனக்கு எந்தக் கயிறும் வேணாம். என் கண்ணு முன்னால எல்லாத்தையும் பரப்பி வைங்க. நான் எடுத்துக்கிறேன். இல்லைன்னா அட்டைய வேற யாருக்காச்சும் குடுங்க.”

திரும்பி வரும் வழியில் நானா பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

“பரப்பி வெக்கணுமாம்! கடையா நடத்துறோம்? எண்ணெ பீப்பா அர மணி நேரத்துல காலியாயிரும். மொத ஆளு எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போவான், கடைசி ஆளுக்கு நம்ம மூஞ்சியத்தான் குடுக்கணும்.”

“அளவு வெச்சா?”

“என்னா அளவு? அரிசிக்கு அளவு இருக்கு. ஆசைக்கு ஏது அளவு?”

இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்கச் சண்டை போட்டோம். தராசு முன்னாலேயே சண்டை போட்டோம், அதுதான் பெரிய விஷயம். கடைசியில் அரிசி மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு, மற்றதெல்லாம் ஆளுக்கு ஏழு பால் டின் என்று வந்து நின்றது. எதில் ஏழு என்பது அவரவர் இஷ்டம். ஆனால் யார் ஏழு எடுத்தார், யார் எட்டு எடுத்தார் என்று அந்தக் கூட்டத்தில் எண்ணுவது எப்படி?

இதற்கு வழி சொன்னதும் சிவகாமி அக்காதான். விஷயத்தைச் சொல்லப் போனபோது, உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். சோங்காக் விளையாடும் சோழிகள். குழிப் பலகையில் வைத்து நாம் பல்லாங்குழி ஆடுவோமே, அது மாதிரி ஆட்டம். தொண்ணூற்றெட்டுச் சோழி. “ஆளுக்கு ஏழு கையில குடுங்க. ஒரு டின் எடுத்தா ஒரு சோழியப் பெட்டில போடட்டும். கை காலியானா முடிஞ்சது. பெட்டி நெறைஞ்சா மறுபடி எடுத்துக் குடுங்க” என்றார். பிறகு விரலை நீட்டி, “இது இரவல். எங்க வீட்டுக்குப் பொண்ணா வந்தவங்க சீதனமா கொண்டுவந்த சோழி. தானம் இல்ல” என்றார்.

அந்த வியாழக்கிழமை மேசை போட்டோம். கொப்பரை உடைத்த பழைய மேசை, ஒரு கால் குட்டை, கீழே செங்கல். நானா கையைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ப் பீப்பாய் பக்கத்தில் போலீஸ்காரர் மாதிரி நின்றார். பட்டாணி கூட மெல்லவில்லை.

மலாய்க் கிழவர் ஒருவர் வந்தார். நான் மனதுக்குள் கருவாடு, டெண்டெங் என்று சொல்லிக்கொண்டேன். அவர் ஏழு சோழிக்கும் பருப்பே எடுத்தார். “பல்லு இல்ல மகளே. பருப்புக் கஞ்சிதான்” என்றார். சீன அம்மா ஒருத்தி மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் எடுத்தாள், பக்கத்து வீட்டுத் தமிழச்சி கறி வைக்கக் கற்றுக் கொடுத்தாளாம். எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் பருப்பைத் திரும்பியும் பார்க்காமல் பீஹூன் அள்ளினார். “தெனைக்கும் பருப்பு பருப்புன்னு சாவுறதா? பிள்ளைங்க கேக்குதுங்க லா” என்றார். வரிசையே சிரித்தது. நான் அத்தனை மாதம் கட்டிய மூட்டையெல்லாம் என் தலையில் இருந்த ஆட்களுக்குக் கட்டியது. வாசலில் நின்ற ஆட்களுக்கு இல்லை.

எண்ணெய் தீரவில்லை. முதலில் தீர்ந்தது குலா மலாக்கா, தென்னை வெல்லம். பத்தாவது ஆளுக்கே இல்லை. அந்த ஒன்றில் மட்டும் மலாக்காவில் எல்லாரும் ஒரே இனம்தான். நானா காலிக் கூடையைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், பட்டாணியை எடுத்து வாயில் போட்டார். கடகட.

சிவகாமி அக்கா வேண்டுமென்றே நடு வரிசையில் வந்தார். செட்டிக் கம்பத்துப் பெண்கள் அவருக்கு முன்னாலும் பின்னாலும் நின்றார்கள், ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. ஊக்கு குத்திய அதே கெபாயா. பருப்புக்கு ஒரு சோழி. மஞ்சள்தூளுக்கு ஒன்று. பிளாச்சானுக்கு ஒன்று. தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு. ஒவ்வொன்றையும் டொக் என்று சத்தம் கேட்கப் போட்டார். டெண்டெங் அளந்து வைத்த பால் டின் முன்னால் வந்தபோது நின்றார். பின்னால் நின்ற மலாய்ப் பெண்ணிடம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, “இது எங்க வீட்டுல சாப்பிடறதில்லக்கா. நீங்க எடுத்துக்குங்க” என்று டின்னை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார். அந்தப் பெண் “தெரிமா காசி, நியோனா” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். நியோனா என்றால் மலாய்க்காரியல்லாத வீட்டம்மா. மதம் மாறிய பேச்சு அதோடு முடிந்தது. கம்பத்துப் பெண்களில் ஒருத்தி அக்காவின் கூடையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்க வந்தாள்.

தலைவர் அடுத்த மாதம் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். “இனாமா வாங்க வந்தவங்களுக்குக் கடை விரிச்சிருக்கீங்களா?”

நானா தராசை வைத்துவிட்டு, “துவான், குப்பைத் தொட்டிய எட்டிப் பாருங்க” என்றார்.

தலைவர் போய்ப் பார்த்தார். தொட்டியில் காய்ந்த இலை தவிர ஒன்றும் இல்லை. மரத்தடியில் யாரும் இல்லை. அவர் காரில் ஏறிப் போய்விட்டார். நானா வாழ்க்கையில் வாய்ச்சண்டை போட்டு ஜெயித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்று எண்ணெய் ஊற்றும்போது கை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

வருடத்தின் நடுவில் பழக்காலத்தில் செட்டிகளுக்கு இன்னொரு பார்ச்சு உண்டு, பழங்கள் வைத்துப் படைப்பது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நானா முந்தின நாளே ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். அன்றைக்குத் தொப்பியோடு வந்து, வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தனியாகக் கலந்து கொடுத்த சர்பத்தைக் குடித்தார். படைத்ததை அவர் சாப்பிட மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். படைப்பதற்குப் பழம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. கொழுந்தனார் வந்தார். நானாவுக்குக் கை கொடுத்தார். உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தார். சிவகாமி அக்கா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் முந்தானை இல்லாத குறைக்கு சாரோங் நுனியால் முகத்தைத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் கிடங்கில் இருந்த முப்பது வருடமும் அந்த மேசை இருந்தது. செங்கல் மாறியது, மேசை மாறவில்லை. நானா இறந்த பிறகு தராசு முன்னால் அவருடைய பலகைத் துண்டை வைத்து நான் அளந்தேன். அப்போதும் நடுவில் குழி விழும்.

இப்போது செயலாளர் அவர்களுக்கு.

உங்கள் பெட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். சார்டின், பிஸ்கட், மாவு, நூடுல்ஸ். யார் மனமும் நோகக் கூடாது என்று யாருக்கும் பிடிக்காததாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். கிடங்கு எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பாருங்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள். பெட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு ஜனங்கள் சாமான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கெத்தாபாங் மரத்தை வெட்டிவிட்டதால் வெயிலில் உட்கார்ந்து மாற்றுகிறார்கள். மூன்று பெட்டி நாடா பிரிக்காமல் பெஞ்சுக்கு அடியில் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைத் தூக்கிவந்த மனுஷிக்குச் சுமக்க முடியவில்லையா, சுமந்து போய்ப் பயனில்லை என்று தெரிந்ததா? நீங்கள் கேட்டீர்களா? நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. அதனால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

இன்னொன்று. மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். தொண்ணூற்றெட்டுச் சோழி. என் காலத்தில் ஒன்று கூடத் தொலையவில்லை, ஒவ்வொரு வியாழக்கிழமையும் எண்ணித்தான் மாட்டினேன். அது கிடங்கின் சொத்து இல்லை. இரவல். சிவகாமி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மகள் அதே வீட்டில் இருக்கிறாள். மேசையை வெளியே போட்டபோது பையை என்ன செய்தீர்கள்?

காப்பி கொடுத்துத் தனியாக என்னிடம் சொல்ல வேண்டாம். வரும் பொதுக்கூட்டத்தில், அட்டை வைத்திருக்கிறவர்களையும் உள்ளே உட்கார வைத்து, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். பெட்டியில் வைத்த சாமானை யாரிடம் கேட்டு வைத்தீர்கள், பெயர் சொல்லுங்கள். சோழிகள் எங்கே, அதையும் சொல்லுங்கள். முதல் வரிசையில் சிவகாமி அக்கா மகளோடு நான் உட்கார்ந்திருப்பேன்.